கடல்நீர்த் தொட்டியில் இழைப்பாசி: கிணறு, கூனி, காளவாய்க் கல்

கேள்வி: ஐயா, கல்லடியில் எங்கள் வீட்டு முன்அறையில் 60 சென்ரிமீற்றர் நீளமும், 40 சென்ரிமீற்றர் அகலமும், அதே அளவு உயரமும் உள்ள கடல்நீர்த் தொட்டி ஒன்றைப் பதினான்கு மாதங்களாக வைத்திருக்கிறேன். சோடிக் கோமாளி மீன்கள், சில காளான் பவளங்கள், ஒரு கொத்துப் பொத்தான் பவளம் ஆகியவை இருக்கின்றன. கற்கள் கல்குடாவில் என் பாட்டனாரின் வளவில், பழைய சுண்ணாம்புக் காளவாய்க்கு அருகே குவிந்து கிடந்தவை. கடந்த மாரிக்குப் பிறகு கற்களில் விரல் நீளத்துக்குப் பச்சை இழைகளும், மணலில் கருஞ்சிவப்பு வழுவழுப்பும் படர்ந்துவிட்டன. நைத்திரேற்று லீற்றருக்கு 40 மில்லிகிராம், பொசுபேற்று 0.5 மில்லிகிராம் என்று பரிசோதனை காட்டுகிறது. காய்ந்த கூனியை நாளுக்கு இருமுறை போடுகிறேன். கடற்கரையிலிருந்து எடுத்துவந்து கிழமைக்கு 8 லீற்றர் நீரை மாற்றுகிறேன். வற்றுவதற்குக் கிணற்று நீர் விடுகிறேன். சன்னல் வெளிச்சந்தான் காரணம் என்கிறார்கள். பாசிக்கொல்லி மருந்து வாங்கலாமா, கற்களை அவித்து எடுத்து மீண்டும் தொடங்கலாமா, காயங்கேணியிலிருந்து உயிருள்ள கல் கொண்டுவரலாமா?

பதில்: அன்புள்ள தம்பிக்கு, உங்கள் கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் உடனே பதில் சொல்லிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன். கற்களை எக்காரணம் கொண்டும் அவிக்க வேண்டாம். பொத்தான் பவளங்களில் சில இனங்கள் பலிடொக்சின் என்னும் கொடிய நஞ்சைத் தம் உடலில் வைத்திருக்கின்றன. கொதிக்கும் வெப்பத்தில் அந்த நஞ்சு அழிந்துவிடும் என்று நம்ப முடியாது. ஆவியோடு எழுந்து அறை முழுவதும் பரவுகிறது. இவ்வாறு கல்லை அவித்தும், சுடுநீரில் தேய்த்தும், மூச்சுத்திணறலும் காய்ச்சலும் கண்டு குடும்பத்தோடு வைத்தியசாலையில் சேர்ந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அந்தக் கொத்து ஒட்டியிருக்கும் கல்லை வெளியே வைத்துத் தேய்ப்பதும், வெறுங்கையால் கையாள்வதும் கூடாது. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, நீருக்குள்ளேயே வேலை செய்யுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்குத் தொட்டியில் கை வைக்காதீர்கள். தப்பித்தவறி அத்தகைய ஆவியைச் சுவாசிக்க நேர்ந்தால், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் வைத்தியசாலைக்குப் போய், பவளத்தின் நஞ்சு என்பதை வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.

இனிப் பாசிக்கு வருவோம். நீங்கள் ஒரே தொல்லையாக எழுதியிருப்பவை உண்மையில் இரண்டு வேறு உயிரிகள். கல்லில் நூல்போல் வளர்ந்து, இழுத்தால் கொத்தாகக் கையோடு வருவது இழைப்பாசி. அது உண்மையான பச்சைப் பாசி. மணலில் தோல்போல் விரிந்து, விரலால் தொட்டால் தகடாக உரிந்து, பகலில் மேற்பரப்பில் சிறு குமிழ்களைத் தாங்கி நிற்பது சயனோபற்றீரியா. அது பாசியே அல்ல, ஒளித்தொகுப்புச் செய்யும் பற்றீரியா. ஒன்றுக்கு வாங்கும் மருந்து மற்றதைத் தீண்டாமல் போகலாம். இரண்டையும் ஒருங்கே தளரச் செய்வது, அவற்றுக்குப் போய்ச்சேரும் போசணையைக் குறைப்பதுதான்.

சன்னல் வெளிச்சத்தைக் குற்றம் சொல்வது எளிது. வெளிச்சம் பாசியின் வளர்ச்சியை விரைவாக்கும் என்பதில் ஐயமில்லை. ஆகவே காலை வெயில் நேரே விழுமானால் ஒரு திரைச்சீலை போடுங்கள், விளக்கை நாளுக்கு எட்டு மணித்தியாலத்துக்கு மேல் எரிய விடாதீர்கள். ஆனால் வெளிச்சத்தை மட்டும் தின்று ஒரு பாசியும் தன் உடலைக் கட்டிக்கொள்வதில்லை. கடலின் நுண்ணுயிர்கள் காபன், நைதரசன், பொசுபரசு ஆகியவற்றை ஏறத்தாழ 106 : 16 : 1 என்ற அணு விகிதத்தில் எடுத்துக்கொள்கின்றன என்பது கடலியலாளர் அல்பிரட் ரெட்ஃபீல்டின் ஆய்வுகளிலிருந்து தெரியவந்தது. இழைப்பாசியின் விகிதம் இதிலிருந்து ஓரளவு வேறுபட்டாலும் அடிப்படை அதுவே: நைதரசனும் பொசுபரசும் வந்தால்தான் இழை வளரும். உங்கள் தொட்டியில் விரல் நீளத்துக்கு இழை நிற்கிறது; அவ்வளவையும் வளர்த்துவிட்டு மிஞ்சிக் கிடப்பதுதான் அந்த 40 உம் 0.5 உம். பரிசோதனைப் பொதி காட்டுவது வரவை அல்ல, மிச்சத்தை. சிலருடைய தொட்டியில் பாசி காடுபோல நிற்கும், பொதியோ சைபர் காட்டும்; வந்ததையெல்லாம் பாசியே எடுத்துக்கொண்டது என்பதுதான் அதன் பொருள். எனவே நாம் தேட வேண்டியது வரவை.

முதலில் உங்கள் கிணற்று வாளியைப் பார்க்கிறேன். உங்கள் அளவுகளின்படி தொட்டியின் கொள்ளளவு 96 லீற்றர். கல்லும் மணலும் மேல்விளிம்பின் வெற்றிடமும் போக நீர் ஏறக்குறைய 75 லீற்றர் இருக்கும். நம் ஊர் வெக்கையில், மின்விசிறி பூட்டிய தொட்டி நாளுக்கு 2 லீற்றர் வரை வற்றுவது வியப்பல்ல. வற்றிப்போவது வெறும் நீர். உப்பும் போசணையும் உள்ளேயே தங்கிவிடும். கல்லடி போன்ற மணற்பாங்கான நிலத்தில் வளவுக்கு வளவு கிணறும் மலசலகூடக் குழியும் நெருங்கி இருப்பதால், குழியிலிருந்து கசியும் நைதரசன் நைத்திரேற்றாகக் கிணற்று நீரில் சேர்வது இயல்பு. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். உங்கள் கிணற்றில் 30 இருப்பதாக வைத்துக்கொள்வோம். குடிப்பதற்கு அது ஏற்ற அளவே. ஆனால் நாளுக்கு 2 லீற்றர் விட்டால் 60 மில்லிகிராம், கிழமைக்கு 420 மில்லிகிராம் நைத்திரேற்று தொட்டிக்குள் போகிறது. நீங்கள் கிழமைக்கு மாற்றும் 8 லீற்றர், 40 என்ற அளவில், 320 மில்லிகிராமைத்தான் வெளியே கொண்டுபோகிறது. இவ்வளவு சிரமப்பட்டு கடல்நீர் சுமந்துவந்தும் எண் இறங்காதது ஏன் என்பது இந்தக் கணக்கில் விளங்கும். இக்கணக்கில் மீனுக்குப் போடும் தீனியை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

உங்களிடம் உள்ள பொதியால் கிணற்று நீரையும் சோதித்துப் பாருங்கள். பெரும்பாலான பொதிகள் நன்னீருக்கும் பொருந்தும், எனினும் அதனுடன் வந்த தாளை ஒருமுறை வாசித்துவிடுங்கள். என்ன எண் வந்தாலும், வற்றலை ஈடுசெய்வதற்கு இனிக் கிணற்று நீர் வேண்டாம் என்பதே என் கருத்து. நைத்திரேற்று இல்லாவிட்டாலும் பொசுபேற்றும் சிலிக்கேற்றும் அதில் இருக்கலாம். ஆர்.ஓ. முறையில், அதாவது நுண்ணிய சவ்வினூடாக அழுத்தி, வடித்த நீரை இப்போது போத்தலிலும் கானிலும் விற்கிறார்கள். வாங்குமுன் கரைந்துள்ள திண்மங்களை அளக்கும் சிறு கருவியை அதில் அமிழ்த்திப் பாருங்கள். 10 இற்குக் கீழே காட்டினால் நல்லது, 50 அல்லது 60 காட்டினால் வடிதாள் தேய்ந்திருக்கிறது, அல்லது குடிப்பதற்காகத் தாதுக்கள் சேர்த்திருக்கிறார்கள். மழைநீரும் உதவும். ஆனால் முதல் மழையில் கூரையின் தூசியும் காக்கை எச்சமும் கழுவுப்பட்டு வரும். சிறிது நேரம் நன்றாகப் பெய்த பின் வரும் நீரை, உலோகம் படாத பாத்திரத்தில், கூரையைத் தொடாமல் நேரே பிடிப்பதே பாதுகாப்பு. எந்த நீரானாலும் ஒரேயடியாக ஊற்றாமல், காலையும் மாலையும் சிறிது சிறிதாக விடுங்கள். சிறிய தொட்டியில் உவர்த்தன்மை ஒரே மணித்தியாலத்தில் ஏறி இறங்குவதைப் பவளங்கள் தாங்கா.

அடுத்தது கூனி. காய்ந்த மீன்தீனியின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு பொசுபரசு. புரதமோ பாதிக்கு அண்மையாக இருக்கும். ஒரு கிராம் காய்ந்த தீனி முழுவதும் சிதைந்து கரைந்தால், உங்கள் 75 லீற்றரில் நைத்திரேற்று லீற்றருக்கு ஏறத்தாழ 4 மில்லிகிராமும், பொசுபேற்று 0.4 மில்லிகிராமும் உயரும். நாளுக்கு இருமுறை ஒரு சிட்டிகை என்றால் 0.2 கிராம் என்று கொள்ளலாம். ஐந்தே நாளில் ஒரு கிராம். அதில் ஒரு பகுதி மீனின் உடலாகும், ஒரு பகுதியைப் பவளம் உண்ணும், எஞ்சியது பாசிக்குப் போகும். கிணற்றையும் கூனியையும் சேர்த்துப் பார்த்தால், நைத்திரேற்றில் இரண்டின் பங்கும் ஏறத்தாழ சமம். பொசுபேற்றில் கூனியின் பங்கே பெரியது.

இவ்விரண்டு போசணைகளுக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நைத்திரேற்றுக்குத் தொட்டியிலிருந்து வெளியேற ஒரு வழி இருக்கிறது: கல்லின் உள்ளே ஒட்சிசன் எட்டாத நுண்துளைகளில் வாழும் பற்றீரியாக்கள் அதை நைதரசன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன. பொசுபேற்றுக்கு அப்படி ஒரு வாயு வடிவம் இல்லை. உள்ளே போன ஒவ்வொரு துளியையும், பாசியாகவோ, கழிவாகவோ, மாற்றும் நீராகவோ, நீங்கள்தான் கையால் எடுத்து வெளியே போட வேண்டும்.

ஆகவே காய்ந்த கூனியை நிறுத்திவிட்டு, சந்தையில் பச்சைக் கூனி அகப்படும் நாளில் வாங்கி, நன்னீரில் இரண்டு மூன்று தடவை அலசி, ஒரு நேரத்துக்குப் போதுமான சிறு சிறு பங்குகளாகக் குளிரூட்டியின் பனிப்பெட்டியில் வையுங்கள். உருகும்போது வடியும் சாற்றைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. பாசிக்கு உடனே கிடைக்கும் போசணை அந்தச் சாற்றில் இருக்கிறது. இரண்டு கோமாளி மீன்களுக்கு நாளுக்கு ஒருமுறை, ஒரு நிமிடத்துக்குள் தின்று முடிக்கும் அளவு போதும். மீன் பட்டினி கிடப்பதாக வீட்டிலுள்ளவர்கள் நினைப்பார்கள். தீனியைக் கண்டதும் நீந்தி வருவதால் மட்டும் அது பட்டினி என்று கொள்ள வேண்டாம். வயிறு உள்ளொடுங்கினால் மட்டும் அளவைக் கூட்டுங்கள்.

மூன்றாவது, உங்கள் பாட்டனாரின் வளவுக் கற்கள். கல்குடா, பாசிக்குடாப் பக்கங்களில் முருகைக்கல்லை எடுத்துச் சுண்ணாம்பு சுட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தக் காளவாய்களில் எரியாமல் எஞ்சியவைதாம் உங்களிடம் வந்திருக்கின்றன. முருகைக்கல் கல்சியம் காபனேற்று. அதன் மேற்பரப்புக்குப் பொசுபேற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும் தன்மை உண்டு. பல ஆண்டுகள் வளவில் கிடந்து, இலைமக்கும் பறவை எச்சமும் ஆட்டுப் புழுக்கையும் மழையில் ஊறிய கல், தன்னால் பிடிக்க முடிந்த அளவைப் பிடித்துவைத்திருக்கும். தொட்டி நீரில் பொசுபேற்றுக் குறையக் குறைய, கல் தன்னிடமுள்ளதை மெல்ல விடுவிக்கும். பலர் மனம் சோர்ந்துபோவது இந்தக் கட்டத்தில்தான்: நீரை மாற்றிய அன்று 0.2 காட்டிய பொதி, நான்காம் நாள் மறுபடியும் 0.4 காட்டும். உங்கள் உழைப்பு வீணாகவில்லை. கல்லிலிருந்த கடன் நீருக்கு வந்திருக்கிறது, அவ்வளவே.

கற்களை எல்லாம் எடுத்துப் புதிதாகத் தொடங்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். தேவையில்லை; பதினான்கு மாதங்களாகக் கல்லில் குடியேறிய பற்றீரியாக்கள் உங்கள் மீன்களின் அமோனியாவைத் தினமும் அகற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றை ஒரே நாளில் இழந்தால் மீனையும் இழப்பீர்கள். ஆனால் பவளம் ஒட்டாத கல் ஏதேனும் இருந்தால், ஒரே ஒரு கல்லை மட்டும் எடுத்து, மூடியுள்ள ஒரு பீப்பாயில் சுத்தமான கடல்நீரும் சிறு நீர்ப்பம்பியும் இட்டு, வெளிச்சம் படாமல் ஆறு அல்லது எட்டுக் கிழமை வையுங்கள். இருட்டில் பாசி மடியும்; கல் விடும் பொசுபேற்று அந்த நீரில் சேரும்; நீரை மாற்றி மாற்றி அளந்து, எண் உயராமல் நின்றதும் கல்லைத் தொட்டிக்குத் திருப்பிவிட்டு அடுத்ததை எடுக்கலாம். மெதுவான வேலைதான், ஆனால் தொட்டி குலையாது.

உங்கள் கடல்நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் தொல்லை மாரிக்குப் பிறகு தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். மாரியில் மட்டக்களப்பு வாவி நிரம்பி முகத்துவாரம் திறந்துகொள்ளும்போது, வயல்களின் பசளையும் ஊரின் கழிவும் கலந்த வாவி நீர் கடலில் இறங்குகிறது. பாலமீன்மடுவில் இறங்கும் அந்நீர் கரையோர ஓட்டத்தோடு கல்லடிக் கரைக்கும் வந்து சேரலாம். அதோடு, வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் வங்காள விரிகுடாவின் பெருநதிகள் கொண்டுவந்த நன்னீர் கலந்த மேல்நீரும் நம் கிழக்குக் கரையோரமாகத் தெற்கு நோக்கி வருவதால், கடலின் உவர்த்தன்மையே குறைந்திருக்கும். ஆகையால் மாரிக்காலத்தில் கரையில் நின்று வாளியால் அள்ளிய நீரைத் தொட்டிக்கு விடாதீர்கள். கடல் அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும் மாதங்களில், மீனவர் ஒருவரிடம் சொல்லி, அலை உடையும் இடத்துக்கு அப்பாலிருந்து எடுப்பித்து, உணவுப் பொருளுக்கென்றே செய்த பீப்பாய்களில் வெளிச்சம் படாமல் மூடி, இரண்டு கிழமை தெளியவிட்டு, அடியைக் கலக்காமல் மேல்நீரை மட்டும் குழாயால் இழுத்துப் பயன்படுத்துங்கள். உவர்த்தன்மை ஆயிரத்துக்கு 35, அதாவது 25 பாகை வெப்பநிலையில் தன்னீர்ப்பு 1.026 அளவில் இருக்கட்டும். மாரி மாதங்களுக்குத் தொட்டிக்கென்றே செய்த கடலுப்பைக் கரைத்துக்கொள்ளலாம். சமையல் உப்பு உதவாது. அதில் கல்சியமும் மகனீசியமும் பவளத்துக்குத் தேவையான அளவில் இல்லை.

வரவைக் குறைத்த பிறகுதான் உள்ளே இருப்பதை அகற்றும் வேலைக்குப் பொருள் உண்டு. கிழமை தோறும் நீர் மாற்றும் நாளில், ஒரு கையில் ஒடுங்கிய குழாயால் நீரை இழுத்துக்கொண்டே, மறுகையால் இழைகளை வேரோடு முறுக்கிப் பிடுங்கிக் குழாயின் வாயருகே விடுங்கள். பிடுங்கியது மிதந்து போய் வேறு கல்லில் ஒட்டக் கூடாது. பிடுங்கும் ஒவ்வொரு கைப்பிடியும் தொட்டியை விட்டு வெளியேறும் பொசுபேற்றுத்தான். ஆகவே இழை நீளமாக நிற்கும்போதே பிடுங்குவது இலாபம்.

பாசியை ஓரிடத்தில் நாமே வளர்த்து அறுவடை செய்வது இன்னொரு வழி. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவகத்தில் வோல்டர் ஏடி வகுத்த இந்த முறையை, உள்ளங்கை அளவு சொரசொரப்பான பிளாஸ்ரிக் வலையொன்றைத் தொட்டிக்குப் பின்புறம் ஒரு சிறு பெட்டியில் தொங்கவிட்டு, அதன்மேல் நீர் மெல்லிய படலமாக வழியச் செய்து, பிரகாசமான விளக்கொன்றை அருகே பொருத்தி வீட்டிலேயே அமைக்கலாம். அறைவிளக்கு அணைந்த இரவில் அந்த விளக்கு எரியட்டும். கல்லில் வளரவேண்டிய பாசி வலையில் வளரும். கிழமைக்கு ஒருமுறை வலையின் பாதியைச் சுரண்டி எடுத்து வாழைக்கு உரமாகப் போடுங்கள், நன்னீரில் உப்பை அலசிய பிறகு. நுரைப் பிரிப்பான் வாங்க வசதி இருந்தால் அதுவும் நல்லது. கழிவு சிதையுமுன்பே அதை நுரையோடு ஏற்றிவிடும்.

பொசுபேற்றை உறிஞ்சும் இரும்பொட்சைட்டுக் குறுணி பற்றி ஓர் எச்சரிக்கை. நான் இத்தொழிலுக்கு வந்த புதிதில், என் சொந்தத் தொட்டியில் 0.6 ஆக இருந்த பொசுபேற்றைக் கண்டு பதறி, ஒரு கோப்பை நிறையக் குறுணியை ஒரே தடவையில் போட்டேன். மூன்றாம் நாள் பொதியில் நிறமே வரவில்லை. பாசியும் வெளிறியது உண்மைதான். ஆனால் ஆறு ஆண்டுகள் என்னோடிருந்த மென்பவளம் ஒன்று சுருங்கி, ஒரு மாதத்துக்குள் கரைந்து போயிற்று. அந்த இழப்பு இன்றும் மனதில் இருக்கிறது. பவளத்துக்கும் அதன் உடலுள் வாழும் நுண்பாசிக்கும் சிறிதளவு நைத்திரேற்றும் பொசுபேற்றும் வேண்டும். இரண்டும் சைபருக்கு இறங்கிய தொட்டிகளில் டைனோபிளாசெலேற்றுகள் என்னும் பழுப்பு நிறச் சளி கிளம்பி, இழைப்பாசியைவிடப் பெருந்தொல்லையாகிவிடுவதும் உண்டு. உங்கள் இலக்கு நைத்திரேற்று 5 இற்கும் 10 இற்கும் இடையிலும், பொசுபேற்று 0.05 இற்கும் 0.1 இற்கும் இடையிலும் இருக்கட்டும். குறுணியைப் பயன்படுத்தினால், குறுணியின் உறையில் சொல்லிய அளவில் நாலிலொரு பங்கு மட்டும் துணிப்பையில் கட்டி நீரோட்டத்தில் வைத்து, கிழமைக்கு 0.1 இற்கு மேல் இறங்காதபடி அளந்துகொண்டு போங்கள்.

மேயும் உயிர்கள் துணைதான், தீர்வல்ல. பாசி மேயும் கடல் நத்தைகள் நாலைந்து போதும். ஆனால் விரல் நீள இழையை அவை தொடமாட்டா, நீங்கள் பிடுங்கிய பின் வரும் குருத்தைத்தான் மேயும். நம் கடலின் ஒரா மீன் பாசி தின்பதைப் பார்த்து அதன் குஞ்சைக் கொண்டுவரச் சிலர் ஆசைப்படுவதுண்டு. அது சட்டிக்கு வரும் அளவுக்கு வளரும் மீன், முட்களில் நஞ்சும் உண்டு. 75 லீற்றரில் அதை அடைத்துவைப்பது அதற்குச் செய்யும் கொடுமை.

மணலில் உள்ள சிவப்புத் தகட்டை நீர் மாற்றும்போது குழாயால் உரித்து இழுத்துவிட்டு, அந்த மூலைக்கு நீரோட்டம் போகும்படி பம்பியைத் திருப்பி வையுங்கள். தேங்கிய இடத்தில், சேர்ந்த கழிவின்மேல்தான் அது படரும். எரித்ரோமைசின் போட்டால் இரண்டு நாளில் மறையும் என்று யாரேனும் சொல்லக்கூடும். மறையும், கூடவே உங்களுக்கு வேண்டிய பற்றீரியாக்களும் பாதிக்கப்படும், மடிந்தவை அழுகி நீரின் ஒட்சிசனைக் குடிக்கும், காரணம் அப்படியே இருப்பதால் சில கிழமையில் திரும்பியும் வரும். மனிதருக்கான நுண்ணுயிர்க்கொல்லியை இதற்குச் செலவழித்து, அந்த நீரை வாய்க்காலில் ஊற்றுவதை நான் ஏற்கமாட்டேன். பாசிக்கொல்லி மருந்துகளுக்கும் என் பதில் இதுவே; செம்பு கலந்தவை உங்கள் நத்தைகளையும் பவளங்களையும் முதலில் கொல்லும்.

காயங்கேணிக் கல்லை மறந்துவிடுங்கள். அது கடல்சார் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். சரணாலயத்துக்கு வெளியேயும் உயிருள்ள முருகைக்கல்லைக் கடலிலிருந்து பெயர்ப்பதைச் சட்டம் தடைசெய்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, 1998 இலும் 2016 இலும் இந்து சமுத்திரம் சூடேறியபோது வெளிறி மடிந்த பவளங்களுக்குப் பிறகு எஞ்சியிருப்பவை அவை. உங்கள் தொட்டிக்குப் பற்றீரியாக் குறைபாடு இல்லை, போசணைதான் மிகுதி. புதிய கல் வந்தாலும் அதே இழை அதன்மேலும் வளரும்.

இவற்றை ஒரே நாளில் செய்ய வேண்டாம். இந்தக் கிழமை நீரையும் தீனியையும் மாற்றுங்கள். அடுத்த கிழமை முதல் இழை பிடுங்குவதையும் ஓட்டத்தைத் திருப்புவதையும் தொடங்குங்கள். ஒரு மாதம் கழித்தே வலையையோ குறுணியையோ பற்றி யோசியுங்கள். அளவுகளைச் சனிக்கிழமை காலை, விளக்கு எரியுமுன், ஒரே நேரத்தில் எடுத்துக் கொப்பியில் குறித்துவையுங்கள், வெப்பநிலையையும் கூட. அது 28 பாகையைத் தாண்டினால் விசிறியை நீர்ப்பரப்பை நோக்கி இன்னும் சாய்த்து வையுங்கள், வற்றல் கூடுமென்பதால் ஆர்.ஓ. நீரைக் கூடுதலாக வைத்திருங்கள். முதல் மாதத்தில் பெரிய மாற்றம் தெரியாமல் போகலாம். இழையின் நிறம் கரும்பச்சையிலிருந்து வெளிர்பச்சைக்கு மாறி, பிடுங்கினால் இலகுவாகக் கழன்று வரத் தொடங்குவதே முதல் அடையாளம். உங்கள் கற்களின் பழைய சேமிப்பை நினைத்தால் அதற்கு எட்டு முதல் பன்னிரண்டு கிழமை செல்லும் என்று கணக்கிடுகிறேன்.

கிணற்று நீரின் நைத்திரேற்று, பொசுபேற்று அளவுகளை எடுத்ததும் எனக்கு எழுதியனுப்புங்கள். நான் மேலே 30 என்று வைத்துப் போட்ட கணக்கை உங்கள் உண்மையான எண்ணை வைத்துத் திருத்தி, கிழமைக்கு எத்தனை லீற்றர் மாற்றினால் போதும் என்பதைச் சொல்கிறேன். அந்த எண் 50 ஐத் தாண்டியிருந்தால் கடிதத்துக்குக் காத்திராமல், வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அக்கிணற்று நீரில் பால்மா கரைப்பதை அன்றே நிறுத்திவிட்டு, உங்கள் பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தெரிவியுங்கள்.